ஆளில்லாத் தீவு பிறந்த கதை

மேற்காசியாவில் போர் மூளும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் ஒரு பெயர் தலைகாட்டும்: டியாகோ கார்சியா. 1991இல் ஈராக் மீதும், 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003இல் மறுபடி ஈராக் மீதும் குண்டுவீசப் போன அமெரிக்க விமானங்கள் பல அங்கிருந்து புறப்பட்டவை. 2025 மார்ச்சில் பி-2 விமானங்கள் அங்கே வரிசையாக வந்து நின்ற செயற்கைக்கோள் படத்தை உலகமே பார்த்தது. பெயரை ஒட்டி 'இந்தியப் பெருங்கடலில் உள்ள அமெரிக்கத் தளம்' என்று ஒரு குறிப்பு வரும். அதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் வராது. அங்கே ஏறக்குறைய இருநூறு ஆண்டு காலம் மக்கள் குடியிருந்தார்கள், அவர்களுக்கு மாதாகோயிலும் இடுகாடும் தனி மொழியும் இருந்தன என்ற செய்தி அந்தக் குறிப்பில் ஏறுவதே இல்லை.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை தெற்கே, மாலத்தீவுகளுக்கும் கீழே, சாகோஸ் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது டியாகோ கார்சியா. தென்மேற்கே மொரீஷியஸ் போக 2,100 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். இத்தனை தொலைவில் கிடந்தாலும் அந்தத் தீவுக்கும் நம் நிலத்துக்கும் அடியாழத்தில் ஓர் உறவு உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் மேல் எரிமலைக் குழம்பை அடுக்கடுக்காகக் கொட்டிய அதே வெப்ப ஊற்றுதான் சாகோஸையும் உருவாக்கியது. ஊற்று இருந்த இடத்தில் இருக்க, இந்திய நிலத்தட்டு அதன்மேல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போயிற்று. போன வழியெல்லாம் எரிமலைகள் எழுந்தன. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் அந்த வழித்தடத்தில் வரிசையாக நிற்பவை. அந்த ஊற்று இப்போது ரீயூனியன் தீவின் அடியில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

சாகோஸின் எரிமலைகள் ஆறி, கனம் தாங்காமல் கடலுக்குள் அமிழ்ந்தன. அவற்றின் விளிம்பில் ஒட்டி வளர்ந்த பவளம் மட்டும், மலை ஒரு அங்குலம் இறங்கினால் தான் ஒரு அங்குலம் ஏறி, வெளிச்சம் படும் மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. மலை மறைந்த பிறகு மிஞ்சியது பவள வளையம். இந்த விளக்கத்தை உலகுக்குத் தந்தவர் சார்லஸ் டார்வின். அவர் சாகோஸுக்குப் போனதில்லை. மோர்ஸ்பி என்ற கடற்படை அதிகாரி 1830களில் அளந்து வரைந்த கடல்வரைபடங்களை வைத்தே 1842இல் வெளியான தம் பவளப்பாறை நூலில் சாகோஸ் திட்டைப் பற்றி விரிவாக எழுதினார்.

டியாகோ கார்சியாவின் நிலப்பரப்பு 30 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்த நிலம் ஒரே துண்டாகத் திரண்டிருக்கவில்லை. சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நாடாபோல் ஓடி, ஒரு பெரிய காயலை அணைத்துக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் நிலத்தின் அகலம் முப்பது மீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். மிக அகன்ற இடம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடல்மட்டத்திலிருந்து நிலத்தின் சராசரி உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. காயல் 20 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் உள்ளது. அதன் வாய் வடக்கே திறந்திருக்கிறது, வாயில் மூன்று குட்டித் தீவுகள். மழை தாராளம், மணலுக்கடியில் நல்ல தண்ணீர் தேங்கி நிற்கும். தென் இந்தியப் பெருங்கடலைச் சூறையாடும் புயல்களின் வழக்கமான பாதை இன்னும் தெற்கே என்பதால் பெரும்புயல்கள் இங்கே அரிது.

கப்பல் கட்டி நிறுத்த அலையில்லாத ஆழக் காயல், விமானம் இறங்க மேற்குக் கையில் நேரான சமதளம், குடிக்க நன்னீர், சுற்றிலும் வெகுதூரத்துக்குப் பகையும் இல்லை, சாட்சியும் இல்லை. இயற்கை கொடுத்த இந்த நான்கும்தான் அத்தீவு மக்களுக்குப் பின்னாளில் வினையாக வந்தன.

ஆப்பிரிக்கா, ஆசியா இரண்டுக்கும் நடுவில் கிடந்தும் எந்த மாலுமிச் சமூகமும் அங்கே குடியேறியதாகச் சான்றில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கண்டு வரைபடத்தில் குறித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் ஆமையும் பறவையும் தென்னைநண்டும்தான். 1786இல் பம்பாயிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கூட்டத்தை அனுப்பி அங்கே குடியிருப்பு போட முயன்றது. அப்போது தீவை அளந்தவர் ஆர்ச்சிபால்ட் பிளேர். அந்தமானில் போர்ட் பிளேருக்குப் பெயர் தந்தவரும் அவரே. பிரெஞ்சுக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே கம்பெனி சில மாதங்களில் மூட்டை கட்டிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியஸிலிருந்து வந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தென்னந்தோப்பைப் போட்டார்கள். தோப்பில் உழைக்க மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் இறக்கப்பட்டார்கள். அடிமைகளின் பிள்ளைகள்தான் அந்தத் தீவின் முதல் மண்ணின் மைந்தர்கள்.

1814இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி மொரீஷியஸும் அதைச் சேர்ந்த தீவுகளும் பிரிட்டன் வசம் வந்தன. அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் கொஞ்சம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று கண்டத்து ரத்தமும் கலந்து, ஒரு கிரியோல் பேச்சும், சேகா பாட்டும் ஆட்டமும், தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சமையலும் கொண்ட ஒரு சமூகம் உருவாயிற்று. மொரீஷியஸின் விளக்குகள் சாகோஸ் தேங்காய் எண்ணெயில் எரிந்தன. இந்தத் தீவுகளுக்கு 'எண்ணெய்த் தீவுகள்' என்றே பெயர். கழுதைகள் செக்கிழுத்தன. ஆண்கள் நாளொன்றுக்கு ஐந்நூறு தேங்காய் வரை உரிக்க வேண்டும். பெண்கள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உடைத்துக் கொப்பரை எடுக்க வேண்டும். விடியலில் தொடங்கினால் மதியத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். பிறகு மீன்பிடிப்பு, வீட்டுத் தோட்டம், கோழி, பன்றி. கூலி அற்பம், தோட்ட மேலாளர் வைத்ததே சட்டம். அதைச் சொர்க்கம் என்று எழுதுவது உண்மையாகாது. ஆனால் வீடு அவர்களுடையது, வேலை நிச்சயம், பசி இல்லை, முன்னோர் படுத்திருக்கும் இடுகாடு காயலைப் பார்த்தபடி இருந்தது. கிழக்குக் கரையில் ஈஸ்ட் பாயின்ட் என்ற ஊர்தான் தலைநகர்: மேலாளர் பங்களா, மாதாகோயில், மருத்துவமனை, கடை.

வெளியுலகம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு போட்டுப் பட்டணத்து மக்களில் பலரை ஓட வைத்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், அக்டோபர் 9ஆம் தேதி டியாகோ கார்சியாவின் காயலுக்குள் நுழைந்தது. நிலக்கரி ஏற்றவும் அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியைச் சுரண்டவும் அதற்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டியிருந்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் போரில் இறங்கி இரண்டு மாதமாகியும் தீவுக்குச் செய்தி எட்டவில்லை. தோட்டத்தார் எதிரியை விருந்தாளியாக உபசரித்தார்கள். எம்டனின் ஆட்கள் பதிலுக்கு மேலாளரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்துக் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அழித்தது.

எம்டன் கண்ட வசதியை 1942இல் பிரிட்டனே பயன்படுத்திக்கொண்டது. காயல் நீரில் இறங்கி ஏறும் கேட்டலினா விமானங்களுக்கு ஈஸ்ட் பாயின்ட்டில் ஒரு நிலையம் போட்டார்கள். காயல் வாயருகே இரண்டு பீரங்கிகள் நிறுவினார்கள். போர் முடிந்ததும் படை போய்விட்டது, மக்கள் இருந்தார்கள். ராணுவமும் ஊரும் ஒரே தீவில் இருந்திருக்கின்றன, ஊருக்கு ஒரு கேடும் வரவில்லை. பின்னால் சொல்லப்பட்ட காரணங்களை எடைபோட இந்த ஒரு செய்தியே போதுமானது என்பேன்.

இப்போதுள்ள தளத்தின் கரு உருவானது 1950களின் கடைசியில், வாஷிங்டனில். ஸ்டூவர்ட் பார்பர் அமெரிக்கக் கடற்படையின் நெடுநோக்குத் திட்டப் பிரிவில் இருந்த சிவிலியன் அதிகாரி. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. சுதந்திரம் பெற்ற நாடு தன் மண்ணில் அந்நியப் படை இருப்பதை நெடுநாள் பொறுக்காது என்று அவர் சரியாகவே கணித்தார். அப்படியென்றால், சுதந்திரம் கேட்க ஆளே இல்லாத, அல்லது மிகச் சிலரே உள்ள சிறு தீவுகளை, காலனிகள் கைநழுவும் முன்பே பிரித்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உலக வரைபடத்தில் தீவு தீவாகத் தேடிய அவர் கடைசியில் டியாகோ கார்சியாவில் விரலை வைத்தார். 'மூலோபாயத் தீவுக் கொள்கை' என்று இதற்குப் பெயரிட்டார்கள். அதன்படி மக்கள்தொகை என்பது ஒரு குறைபாடு. குறைவாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

1964இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாக ஆள் அனுப்பித் தீவுகளை ஆய்வு செய்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலம் விடுதலைப் பேச்சுக்காக லண்டன் வந்தார். பிரதமர் ஹெரால்ட் வில்சனுக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த குறிப்பு பிற்காலத்தில் வெளியாயிற்று. விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையையும், சாகோஸைப் பிரிக்க இணங்காவிட்டால் அது கைகூடாமல் போகலாம் என்ற பயத்தையும் ஒருசேரக் காட்டும்படி அது அறிவுரை சொன்னது. ராம்கூலம் இணங்கினார். விலை 30 லட்சம் பவுண்டு. 1965 நவம்பர் 8ஆம் தேதி ஓர் அரச ஆணையால் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' பிறந்தது. உலகமெங்கும் காலனிகள் கலைந்துகொண்டிருந்தபோது, பிரிட்டன் புதிதாக ஒரு காலனியைச் செய்தது. விடுதலைக்கு முன் ஒரு காலனியைத் துண்டாடக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1960லேயே அறிவித்திருந்தது. 1965 டிசம்பரில் மறுபடியும் தீர்மானம் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

1966 டிசம்பர் 30ஆம் தேதி இரு நாடுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன. ஐம்பது ஆண்டுக்கு அமெரிக்கா தீவைப் பயன்படுத்தலாம், பிறகு இருபது ஆண்டு நீட்டிக்கலாம். வாடகை இல்லை என்று வெளியே சொல்லப்பட்டது. உள்ளே நடந்தது வேறு. பிரிட்டன் வாங்கவிருந்த போலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிக் கட்டணத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளிக் கொடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் இது தெரிவிக்கப்படவில்லை.

மிஞ்சியது மக்கள். டியாகோ கார்சியா, பெரோஸ் பான்யோஸ், சாலமன் ஆகிய மூன்று பவளத்தீவுகளிலுமாக ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில் இருந்தார்கள். நிரந்தரக் குடிமக்கள் உள்ள எந்தக் காலனியைப் பற்றியும் ஐ.நா.வுக்கு ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும், அவர்கள் நலனைக் காக்க வேண்டும் என்பது ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவு. நிரந்தரக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா. கேள்வி கேட்கும். எனவே, குடிமக்களே இல்லை, மொரீஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என முடிவாயிற்று. அது பொய் என்று எழுதியவர்களுக்கே தெரியும். அந்தக் கோப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்கள் இருப்பதாகவும் குறிப்பு இருக்கிறது. 1966 ஆகஸ்டில் வெளியுறவுத் துறை உயரதிகாரி ஒருவர், கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடி அங்கே இருக்கக் கூடாது என்ற பொருள்பட எழுதினார். அதன் கீழே இன்னொருவர் தீவு மக்களை டார்ஜான்கள் என்று குறித்தார். பின்னாளில் நடந்த வழக்குகளின்போது இந்தத் தாள்கள் வெளியே வந்தன. படிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அந்த எகத்தாளத்தை அன்று. எந்தச் சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறிய நிதானத்தை.

அதே ஆண்டுகளில் அல்டாப்ரா தீவிலும் ஒரு விமானத் தளம் அமைக்கப் பிரிட்டன் திட்டமிட்டது. அது ராட்சத ஆமைகள் வாழும் தீவு. லண்டன் ராயல் சொசைட்டியும் அமெரிக்க விஞ்ஞானிகளும் எழுந்து நின்றார்கள். நாடாளுமன்றத்தில் கேள்விகள் குவிந்தன. நாணய மதிப்பு வீழ்ந்து பணத்துக்கும் தட்டுப்பாடு வரவே 1967 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அல்டாப்ரா இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். ஆமைகளைக் காத்தது முழுக்க முழுக்க நியாயமே. ஆனால் அந்த விஞ்ஞானிகளைப் போல் வாதாட சாகோஸ் மனிதர்களுக்கு லண்டனில் ஒருவரும் இல்லை. அப்படி மனிதர்கள் இருப்பதே மறைக்கப்பட்டிருந்தது.

வெளியேற்றம் சத்தமில்லாமல் தொடங்கியது. 1967இல் பிரிட்டிஷ் அரசு தோட்டக் கம்பெனியை 6,60,000 பவுண்டுக்கு வாங்கியது. அதற்குப் பிறகு வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்கள் திரும்ப முடியவில்லை. பெரோஸ் பான்யோஸ் தீவைச் சேர்ந்த ரீட்டா பான்கூல், வண்டிச் சக்கரத்தில் கால் அடிபட்ட மகளோடு 1968இல் மொரீஷியஸ் போனார். மகள் இறந்துபோனாள். ஊர் திரும்பக் கப்பல் சீட்டுக் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது என்றார்கள். கணவர் அதிர்ச்சியில் பக்கவாதம் கண்டார், சில ஆண்டுகளில் இறந்தார். தீவில் மிஞ்சியவர்களுக்கு அரிசி, மாவு, மருந்து கொண்டுவரும் கப்பல்கள் குறைந்தன. கடை காலியாயிற்று. மருத்துவரும் ஆசிரியரும் கிளம்பிவிட்டார்கள்.

1970 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் 'எளிய தகவல்தொடர்பு நிலையம்' ஒன்றுக்காக 54 லட்சம் டாலர் ஒதுக்கியது. 1971 ஜனவரியில் பிரிட்டிஷ் நிர்வாகி ஜான் டாட் ஈஸ்ட் பாயின்ட்டில் மக்களைக் கூட்டி, தீவு மூடப்படுகிறது என்றார். மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படை புல்டோசர்களோடு வந்து இறங்கியது. தென்னைகளைச் சாய்த்தார்கள். காயலில் உயிரோடிருந்த பவளத்தை வெடிவைத்துத் தோண்டி ஓடுதளத்துக்கு அடித்தளம் போட்டார்கள்.

அடுத்து நாய்கள். தீவில் ஏறக்குறைய ஆயிரம் நாய்கள் இருந்தன. எல்லாமே வீட்டு வளர்ப்புகள். கரையோரம் மீன்பிடிக்கக்கூடப் பழகியவை. செஷல்ஸ் ஆளுநராகவும் இப்பிரதேசத்தின் ஆணையராகவும் இருந்த புரூஸ் கிரேட்பேட்ச் அவற்றைக் கொல்ல உத்தரவிட்டார். முதலில் சுட்டார்கள். பிறகு விஷம் வைத்தார்கள். இரண்டிலும் தப்பியவற்றை இறைச்சியைக் காட்டி அழைத்துக் கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகைக்குழாயை உள்ளே விட்டு மூச்சுத்திணற வைத்து, அங்கேயே எரித்தார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாமோ என்று பயந்ததாக லிசெட் தலாத் போன்ற தீவு மக்கள் பல ஆண்டுகள் கழித்தும் சொன்னார்கள்.

அக்டோபரில் டியாகோ கார்சியாவின் கடைசிக் குடும்பங்கள் நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றப்பட்டன. ஆளுக்கு ஒரு பெட்டியும் பாயும். மேலாளரின் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் ஒதுக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் சரக்கு மூட்டைகளின் மேல் படுத்து வந்தார்கள். ஒரு பகுதியினரைப் பெரோஸ் பான்யோஸ், சாலமன் தீவுகளில் இறக்கினார்கள். 1973க்குள் அவையும் காலி செய்யப்பட்டன. கடைசியாக வந்தவர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்க மறுத்து நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் துறைமுகக் கூலிகளின் குடியிருப்பில் சேர்ந்தார்கள்.

இந்தத் தளம் பிறந்தபோது இந்தியப் பெருங்கடல் நாடுகள் சும்மா இருக்கவில்லை. 1971 டிசம்பர் 16ஆம் தேதி, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே நாளில், இலங்கை கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக ஐ.நா. அறிவித்தது. டியாகோ கார்சியாவை இந்திரா காந்தி அரசு தொடர்ந்து எதிர்த்தது. எதிர்ப்பு முழுக்கத் தளத்தைப் பற்றியே இருந்தது, மக்களைப் பற்றிப் பேச்சில்லை. 1975 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதும்வரை, அப்படி ஒரு ஜனம் துரத்தப்பட்டது அமெரிக்க மக்களுக்கே தெரியாது.

'எளிய நிலையம்' வளர்ந்தது. 1979இல் ஈரானில் ஷா வீழ்ந்ததும் வேகமாக வளர்ந்தது. இன்று ஓடுதளத்தின் நீளம் 12,000 அடி. காயலில் ஒரு படைப்பிரிவுக்கே வேண்டிய டாங்கியும் வெடிபொருளும் ஏற்றிய கப்பல்கள் தயாராக நிற்கின்றன. விண்வெளி ஓடங்கள் அவசரத்துக்கு இறங்க ஒதுக்கிய இடங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. நம் கைபேசி வழிகாட்டப் பயன்படும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோடு பேசும் தரை நிலையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. படையினரும் ஒப்பந்த ஊழியர்களுமாக ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். சமையலிலும் துப்புரவிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள். எல்லாம் மேற்குக் கையில். கிழக்குக் கையில் ஈஸ்ட் பாயின்ட் பாழடைந்து நிற்கிறது. செக்கிழுத்த கழுதைகளின் வாரிசுகள் இன்னும் திரிகின்றன.

துரத்தப்பட்டவர்களில் முதலில் தெருவுக்கு வந்தவர்கள் பெண்கள். ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத், ரீட்டா பான்கூல் முதலானோர் 1970களின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் போர்ட் லூயிஸில் உண்ணாவிரதம் இருந்தார்கள், அடிபட்டார்கள், சிறை போனார்கள். அதன் பயனாக 1982இல் 40 லட்சம் பவுண்டு இழப்பீடு வந்தது. அதை வாங்க, ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ரீட்டாவின் மகன் ஒலிவியே, மின்சார வேலை பார்த்தவர், லண்டன் நீதிமன்றம் ஏறினார். 2000இல் உயர்நீதிமன்றம் வெளியேற்றச் சட்டம் செல்லாது என்றது. 2004இல் அரச ஆணைகளின் மூலம் பிரிட்டிஷ் அரசு அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கியது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. 2010இல் சாகோஸ் கடலின் பெரும்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். மக்கள் திரும்புவதைத் தடுக்க இது உதவும் என்று அதிகாரிகள் அமெரிக்கர்களிடம் சொன்னது விக்கிலீக்ஸ் ஆவணத்தில் வெளியாயிற்று. 2019 பிப்ரவரி 25ஆம் தேதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று பதின்மூவர் ஒருமித்துக் கருத்துரைத்தது. மறுத்தவர் ஒருவர்.

கதையில் தமிழர்கள் நுழைவது 2021 அக்டோபரில். கனடா போகப் புறப்பட்ட ஈழத்தமிழர்களின் மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் தத்தளிக்க, பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியாகோ கார்சியாவில் கரைசேர்த்தது. உயிர் பிழைத்தார்கள். ஆனால் அந்த மண்ணில் அதுவரை யாரும் அடைக்கலம் கேட்டதே இல்லை. கேட்டால் என்ன செய்வது என்று அங்கே சட்டமும் இல்லை. குழந்தை குட்டிகளோடு வேலிக்குள் கூடாரத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் வைக்கப்பட்டார்கள். எலித் தொல்லை, உண்ணாவிரதம், தற்கொலை முயற்சிகள். விசாரணைக்கு நீதிபதி தீவுக்கு வருவதையே அமெரிக்கா முதலில் தடுத்தது. 2024 டிசம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். பெரும்பாலோர் அந்த மாதமே பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். குடிமக்களே இல்லாத இடம் என்று அறுபது ஆண்டு முன்பு காகிதத்தில் எழுதியதன் விளைவை அனுபவித்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

2025 மே 22ஆம் தேதி பிரிட்டனும் மொரீஷியஸும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சாகோஸின் இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியாகோ கார்சியா தளம் 99 ஆண்டு பிரிட்டனின் பொறுப்பில். குத்தகை ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு நாற்காலி போடவில்லை என்று சாகோஸ் மக்களில் பலர் லண்டனில் குரலெழுப்பினார்கள். அவர்கள் சொல்வது சரி. அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவில் தொடங்கிய விவகாரத்தை, அவர்களைக் கேட்காமலேயே முடிக்கப் பார்ப்பது நியாயமாகாது.

ஸ்டூவர்ட் பார்பர் கடைசிக் காலத்தில் மனம் வருந்தினார். அம்மக்களுக்குச் செய்தது மன்னிக்க முடியாத கொடுமை, அவர்களை வெளியேற்ற ராணுவக் காரணம் எதுவும் இருக்கவில்லை, கிழக்குப் பக்கம் அவர்கள் திரும்பி வாழலாம் என்று 1990களின் தொடக்கத்தில் கடிதங்கள் எழுதினார். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. தளத்தைக் கருவில் சுமந்தவரே சொன்ன அந்தத் தீர்ப்புக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

புதிய உடன்படிக்கைப்படி மொரீஷியஸ் மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்தலாம். டியாகோ கார்சியாவில் கூடாது. அங்கே பிறந்து இன்று உயிரோடிருப்பவர்கள் எல்லோருமே ஐம்பதைக் கடந்தவர்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் எண்ணிக்கை குறைந்து வருகிறது.